பூனையின் பிடி

என் கை விட்டுவிட்டது. மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

போன மார்கழியில் மகளும் மாப்பிள்ளையும் பேரனும் நியூ ஜெர்சியிலிருந்து மூன்று வார லீவில் வந்தார்கள். நானும் என் கணவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். விடியற்காலை மூன்றரை மணி. மாப்பிள்ளையின் முதுகில் மூட்டை மாதிரி ஒரு பை. அதற்குள் குழந்தையின் கார் சீட். பேரனுக்கு அப்போது 16 மாதம், 10 கிலோ. அவர்கள் இருக்கும் மாநிலத்தில் 2 வயதுக்கு உட்பட்ட சின்னக் குழந்தை, காரின் பின்பக்கத்தைப் பார்த்த சீட்டில், ஐந்து முனை பெல்ட்டோடுதான் போக வேண்டும் என்பது சட்டம். விமானத்தில் 2 வயது ஆகாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் தனி டிக்கெட் எடுத்து, அதே சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தாள் மகள். விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று அந்தச் சீட்டின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

காரில் அதைப் பொருத்தப் போனால் பெல்ட் இருந்தது, அது மாட்டிக்கொள்ளும் பக்கிளைக் காணோம். பின் சீட்டுக்கு மேலே தடிமனான ரெக்சின் கவர் தைத்துப் போட்டிருந்தார்கள். பக்கிள் அதற்கு அடியில் எங்கோ புதைந்திருந்தது. "பின்னாடி யாரும் பெல்ட் போடறதில்லீங்களே" என்று டிரைவர் சங்கடப்பட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோருக்கும் தூக்கம். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. நான்தான் சொன்னேன்: "அதை டிக்கியில போடுங்கோ. நான் மடியில வெச்சுக்கறேன். உன்னையெல்லாம் அப்படித்தானே வளர்த்தேன்? பெருமாள் பாத்துப்பார்."

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கும் அம்மாவிடம் நடுத்தெருவில் சண்டை போட வேண்டாம் என்று நினைத்திருப்பாள். சீட் டிக்கிக்குள் போயிற்று.

மதுராந்தகம் தாண்டும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஏரி காத்த ராமர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். "ஒரு ஊர் ஏரியையே காத்தவர், இந்தக் குஞ்சைக் காக்க மாட்டாரா?" என்று மகளிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. திண்டிவனம் தாண்டி, சாலையின் நடுத்தடுப்பில் இருந்த இடைவெளி வழியாகப் பால் கேன் கட்டிய பைக் ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். மோதல் இல்லை, உரசல் கூட இல்லை. வெறும் பிரேக். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத்தான் இருந்தேன். அடுத்த கணம் என் கைகளுக்குள் அவன் இல்லை. முன் சீட்டின் முதுகில் நெற்றி இடித்து, என் காலடியில் கிடந்தான்.

நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிற்று. டீக்கடையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வாங்கி ஒற்றினோம். விழுப்புரத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதற்கெல்லாம் முன்னால், அந்த டீக்கடை வாசலிலேயே மாப்பிள்ளையும் டிரைவரும் சேர்ந்து கவரின் தையலைப் பிரித்து, பக்கிளை வெளியே எடுத்து, சீட்டைப் பொருத்திவிட்டார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. விமான நிலையத்தில் எங்களிடம் அந்த இருபது நிமிஷம் இல்லை என்று நினைத்திருந்தோம். மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் நாணயம் வைத்து, அட்டையைச் சுண்டிவிட்டு நிலைமத்தை விளக்கியவள். அன்று இரவு ஸ்ரீரங்கத்தில் தூக்கம் வராமல் ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 14 மீட்டர் வேகம் பத்தில் ஒரு விநாடியில் பூஜ்யமாகிறது. 10 கிலோ குழந்தை அந்த நேரத்துக்கு ஏறக்குறைய 140 கிலோ எடையாக முன்னால் பாய்கிறது. எந்தப் பாட்டியின் கை 140 கிலோவைப் பிடித்து நிறுத்தும்? நானே பெல்ட் போடாமல் இருந்தால், என்னுடைய 60 கிலோவும் அதே கணக்கில் பெருகி அவன் மேல்தான் விழும். குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டை மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். பெல்ட்டுக்கும் எனக்கும் நடுவே அவன் நசுங்குவான். இந்தக் கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்கு. எத்தனையோ பேருக்குப் போட்டுக்காட்டியிருக்கிறேன். மடியில் பேரனை வைத்துக்கொண்டபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பெருமாள்தான் நினைவுக்கு வந்தார்.

என்னைப் பல நாள் உறுத்தியது அதுதான். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று நான் சொன்னபோது யாரை நம்பினேன்?

நான் பிறந்தது தென்கலை வீடு. வாழ்க்கைப்பட்டது வடகலை வீடு. முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் சமையலறையில் நடக்கும் வாதம் ஒன்று உண்டு. வைஷ்ணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாதம். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது, தாய் தாவுகிறது; ஜீவனும் அப்படி ஏதோ ஒரு சிறு பற்றுதலையாவது காட்ட வேண்டும் என்பது அவர் பக்கம். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை, தாய்ப்பூனைதான் வாயால் கவ்விக்கொண்டு போகிறது. காப்பது முழுக்கப் பெருமாள் பொறுப்பு, நம் முயற்சி குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்பது என் பக்கம். அன்று அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்க கட்சிப்படி பார்த்தா நீ செஞ்சது சரிதான். முயற்சியே வேண்டாமே." குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவருக்கும் குழப்பம். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன்.

உவமையை அதன் எல்லைக்கு வெளியே இழுக்கிறேன் என்று தெரிகிறது. அது ஜீவனுக்கும் ஈச்வரனுக்கும் சொன்னது, பேரனுக்கும் பாட்டிக்கும் சொன்னது இல்லை. ஆனால் பதினாறு மாதக் குழந்தை குரங்குக்குட்டியாக இருக்க முடியாது. அவனால் எதையும் பற்ற முடியாது. அவன் பூனைக்குட்டி. அப்படியானால் தாய்ப்பூனையின் வாய் எங்கே? அந்த வாய் நானே என்று நினைத்தேன். என் கைகளின் பலத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத்தான் பெருமாள் என்று பெயர் வைத்திருந்தேன்.

சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் ஒன்று கார்ப்பண்யம்: என்னால் ஆகாது, என்னிடம் ஒன்றுமில்லை என்று உணர்ந்து நிற்பது. சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை. அதை ஏதோ பெருமாள் சன்னதியில் கண்ணீரோடு நிற்கும்போது வரவேண்டிய ஒரு பாவம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். டீக்கடை வாசலில் மாப்பிள்ளை ஒரு முழங்காலைச் சீட்டில் ஊன்றி, தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தி, பெல்ட்டை இழுத்து இறுக்கியதைப் பார்த்தேன். நல்ல பலசாலி அவர். தினமும் ஓடுகிறவர். தன் குழந்தையைத் தன் கையால் பிடித்துவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த முழங்காலில் இருந்த கார்ப்பண்யம் என் கும்பிடுதலில் இல்லை.

1323-ல் நடந்ததாகச் சொல்லும் வரலாறு ஒன்றை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். டில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நோக்கி வருகிறது என்று செய்தி வந்தபோது, மூலவர் சன்னதியின் வாசலைக் கல் வைத்து மூடினார்கள். உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டவர் பிள்ளை லோகாசார்யர். பூனைக்குட்டி வழியைத் தன் நூல்களில் நிலைநாட்டியவர் அவர்தான். காப்பவன் அவனே, நம் முயற்சி இடையூறு என்று எழுதியவர், காப்பவனையே மூடுபல்லக்கில் வைத்து, காட்டு வழியில் ஒளித்துக் கொண்டுபோனார். முதிர்ந்த வயது. வழியில் திருடர்களிடம் பொருளெல்லாம் போயிற்று. மதுரைக்குப் பக்கத்தில் ஆனைமலை அடிவாரத்தில் ஜோதிஷ்குடி என்ற ஊரில் உயிர் பிரிந்தது. நம்பெருமாள் அங்கிருந்து ஊர் ஊராகப் போய், திருமலையிலும் செஞ்சியிலும் இருந்து, 1371-ல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார்.

அதே படையெடுப்பில் வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகர் என்ன செய்தார்? சுருதப்பிரகாசிகை என்ற நூலின் ஓலைச்சுவடியையும், அந்த நூலை எழுதிய சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகளையும் ஒப்புக்கொண்டு, பிணங்களுக்கு நடுவே பிணம்போல் படுத்துத் தப்பித்து, மேற்கே கூட்டிக்கொண்டு போனார் என்பது பரம்பரையாகச் சொல்லும் செய்தி. ஒருவர் பெருமாளைத் தூக்கினார், ஒருவர் பிறத்தியார் குழந்தைகளைத் தூக்கினார். தத்துவத்தில் இரண்டு கரை. ஆபத்து வந்தபோது இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை, பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவும் இல்லை.

இதை என் கணவரிடம் சொன்னேன். "அப்போ உங்க ஆசாரியர் தன் கொள்கையை விட்டுட்டாரா?" என்று கேட்டார். விடவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். விடச் சொன்னது என் மோட்சத்துக்காக நான் செய்யும் முயற்சியை. ஒன்றின் மேல் பிரியம் வைத்து, அதற்கு ஒரு குறையும் வராமல் பார்த்துச் செய்வது கைங்கர்யம். அதை விடு என்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லை. பெரியாழ்வார் திருப்பல்லாண்டு பாடியது எதற்கு? உலகத்தைக் காக்கிறவனுக்கே கண் பட்டுவிடுமோ என்ற பதைப்பில். அதை அவநம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை, பரிவு என்கிறோம். என் மகள் நியூ ஜெர்சியிலிருந்து அந்த மூட்டையைச் சுமந்து வந்ததும் பரிவுதான். நான் அதை டிக்கியில் போடச் சொன்னேன்.

மதுராந்தகத்து ராமரையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். 1790-களில் அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர், வருஷா வருஷம் உடைந்த ஏரிக்கரையைச் செப்பனிட்டார். அடுத்த பெருமழையில் கரை என்ன ஆயிற்றோ என்று இரவில் குடை பிடித்துக்கொண்டு பார்க்கப் போனவருக்கு, கரைமேல் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பது தெரிந்தது என்பது கதை. தாயார் சன்னதியை அவர் கட்டிக்கொடுத்த செய்தி அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. ராமர் வந்து நின்றது கூலியாட்கள் மண் சுமந்து கட்டிய கரையின் மேல்.

உறவில் ஒரு அண்ணா வந்திருந்தபோது சொன்னார்: "ஆயுசு கெட்டியா இருந்தா பாறையில விழுந்தாலும் பொழைப்பான். தலையெழுத்து முடிஞ்சா இரும்புப் பெட்டியில வெச்சாலும் போவான்." பெரியவர், பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். வள்ளுவர் 38-ஆம் அதிகாரமாக ஊழை வைத்தார், 62-ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்தார்; இரண்டையும் எழுதியது ஒரே கை. தலையெழுத்து இருக்கலாம். அதை நான் படித்ததில்லை. படிக்காத எழுத்தை வைத்துக்கொண்டு குழந்தையைப் பெல்ட் இல்லாமல் உட்காரவைக்க எனக்கு என்ன அதிகாரம்? என் உயிரை விதியிடம் விட எனக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அவன் உயிரை விட எனக்கு உரிமை இல்லை. அவன் எனக்கு அப்படி எழுதிக்கொடுக்கவில்லை.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைக் கணக்குப்படி, கார் விபத்தில் கைக்குழந்தை சாகும் வாய்ப்பைச் சரியான சீட் 71 சதவீதம் குறைக்கிறது. ஒன்று முதல் நான்கு வயது வரை 54 சதவீதம். மீதிக்குத்தான் கடவுள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சீட் காப்பாற்றிய இடத்தில் அவன் இல்லை, சீட் கைவிட்ட இடத்தில்தான் அவனுக்கு வேலை என்றால் அது என்ன கடவுள்? அதே சமயம், எல்லாம் சரியாகச் செய்தும் குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சீட் வாங்க வழியில்லாதவர்கள் அதைவிட அதிகம். அவர்களிடம் போய் நீ பரிவு காட்டவில்லை என்று சொல்லும் வாய் அழுகிப்போகும்.

மூன்றாம் வாரம் எல்லோருமாகக் கொடிக்குளம் போனோம். பழைய ஜோதிஷ்குடி இதுதான் என்கிறார்கள். மதுரை போகும் வழியில், ஒத்தக்கடைக்கு அருகில், ஆனைமலை நிழலில் இருக்கிறது. இந்த முறை முதல் நாளே டிரைவருக்குப் போன் செய்து, கவரைக் கழற்றிவைக்கச் சொன்னேன். சீட்டை நானே பொருத்தினேன். மகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள்.

முதலில் பின்பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். "ஏன், முன்னால பார்த்தா அவனுக்கு வேடிக்கை பார்க்கலாமே?" என்று கேட்டேன். கைக்குழந்தையின் உடம்பில் தலையே நாலில் ஒரு பங்கு நீளம், கழுத்தெலும்பு இன்னும் குருத்து. முன்னால் பார்த்திருந்தால் மோதலில் உடம்பு பெல்ட்டில் நிற்கும், தலை மட்டும் பாயும். பின்னால் பார்த்திருந்தால் முதுகு, கழுத்து, தலை எல்லாம் சேர்ந்து சீட்டில் பதியும். 1960-களில் ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து கிடந்தபடி மேலே போவதைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தாராம். முன் சீட்டில் ஏர்பேக் எதிரே மட்டும் இதை ஒருநாளும் வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு ஒரு சின்ன இரும்புத் துண்டை எடுத்தாள். எச் எழுத்து மாதிரி இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். அவர்கள் ஊர்க் கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வெடுக்கென்று இழுபட்டால்தான் பூட்டும். மற்ற நேரம் தளர்ந்துகொண்டே வரும். அதனால் பக்கிள் நாக்குக்கு ஓர் அங்குலத்துக்குள் இந்தக் கிளிப்பைப் போட்டு, பெல்ட்டின் இரண்டு பாகத்தையும் சேர்த்துக் கவ்வவைக்க வேண்டும். வெளிநாட்டுச் சீட்டோடு லீவுக்கு வருகிறவர்கள் மறப்பது இதைத்தான் என்றாள். கிளிப்பை மாட்டினேன். என் முழங்காலை ஊன்றி அழுத்தினேன். வலித்தது. பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்குமேல் அசையவில்லை.

அப்புறம் குழந்தை. சீட்டின் தோள் பட்டைகள் அவன் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயிருந்தோ வர வேண்டும். முறுக்கு இருக்கக் கூடாது. காறை எலும்பிடம் பட்டையைக் கிள்ளிப் பார்த்தால் விரலுக்கு எதுவும் அகப்படக் கூடாது. நெஞ்சுக் கிளிப் அக்குள் உயரத்தில். நான் தொப்புள் பக்கம் விட்டிருந்தேன், மகள் மேலே ஏற்றினாள். அவன் ஓலமிட்டான். எனக்குக் கை நடுங்கியது. அவிழ்த்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டால் ஒரு நொடியில் அழுகை நிற்கும். அந்த ஓலத்தை ஐந்து நிமிஷம் தாங்குவதுதான் அன்றைக்கு என்னால் முடிந்த தவம்.

விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு பைக் எங்களுக்கு முன்னால் போயிற்று. அப்பா ஓட்டுகிறார், பின்னால் அம்மா, நடுவே முந்தானைக்குள் சுருட்டி ஒரு குழந்தை. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு பைக்கில் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டது. காரில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டமும் இருக்கிறது. அந்த அம்மாவின் கை குழந்தையை எப்படி அணைத்திருந்தது என்று பார்த்தேன். என் கை மாதிரியேதான். அவர்கள் கண்ணிலிருந்து மறையும்வரை டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

துவரங்குறிச்சியில் நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்து நடக்கவிட்டோம். இரண்டு மணி நேரத்துக்குமேல் சீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். திரும்ப உட்காரவைக்குமுன் பக்கிளின் இரும்பைத் தொட்டுப் பார்த்தேன். மார்கழி வெயில்தான், ஆனாலும் சுட்டது. துண்டை நனைத்துத் துடைத்தேன்.

கொடிக்குளத்தில் கூட்டமில்லை. வேதநாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஆசாரியர் திருமேனி விட்ட இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எதிரே ஆனைமலை படுத்துக்கிடந்தது. பல்லக்கைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்த அந்தக் கிழவருக்கு நம்பெருமாள் ஊர் திரும்புவார் என்று தெரியாது. வழியெல்லாம் அவருக்குப் பயம் இருந்திருக்கும் என்று தோன்றிற்று. பல்லக்குக் கயிறு தளர்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பார்.

திரும்பும்போது மேலூர் வருவதற்குள் பேரன் தூங்கிவிட்டான். பின்பக்கம் பார்த்த சீட் என்பதால் அவன் முகம் பின்கண்ணாடிப் பக்கம் இருந்தது. அடுத்த இடத்தில் நான், என் பெல்ட்டுக்குள். பட்டைகளுக்கு வெளியே அவன் கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. பட்டர் கொடுத்த துளசியை வழியெல்லாம் இறுக்கிப் பிடித்திருந்தான். தூக்கத்தில் பிடி தளர்ந்து, ஒரே ஒரு இலை மட்டும் உள்ளங்கை ஈரத்தில் ஒட்டியிருந்தது. விழித்ததும் வாயில் போட்டுக்கொண்டு புரையேறிவிடுமோ என்று அதை எடுத்து, கண்ணில் ஒற்றி, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.